ஞானராஜ் சாருக்கு நான் கொடுத்த எட்டு வாரம்

புதிதாகப் பயிற்சியாளர் வேலைக்கு வந்திருக்கும் நீங்கள், ஒருவர் மட்டை வீசுவதைக் கைபேசியில் படம் பிடித்து, மெதுவாக ஓடவிட்டு, "பாருங்க சார், இந்த இடத்துல இடுப்பு நின்னுடுச்சு, கை மட்டும் தனியா வருது" என்று காட்டிவிடுகிறீர்கள். நான் கோல்ஃப் சொல்லிக்கொடுத்த காலத்தில் அந்த வசதி இல்லை. அதனால் எனக்குப் பெரிய நஷ்டம் ஒன்றும் இல்லை. கையும் உடம்பும் சேராத ஆளை இரண்டு வீச்சில் என் கண்ணே பிடித்துவிடும். என் தொழிலில் நான் செய்த தப்பு எதுவும் கண்ணால் வந்ததில்லை. வாயால் வந்தது.

கையையும் உடம்பையும் சேர்த்து வீச வைப்பது எப்படி என்று பேசச் சொல்லித்தான் என்னை அழைத்தார்கள். அதற்கான பயிற்சிகளை உங்களுக்குச் சொல்லித்தர என்னைவிட நல்ல ஆட்கள் இருக்கிறார்கள். அந்த விஷயத்தில் நான் ஒரு மனிதரைக் கெடுத்தேன். அதைச் சொல்லிவிட்டுப் போகிறேன். கேட்க நன்றாக இருக்காது.

எனக்குச் சொந்த ஊர் சீவலப்பேரி. பத்தாவதில் தேறாமல், மலை மேலே ஒரு கிளப்பில் ஆடுகிறவர்களின் மட்டைப் பை தூக்கும் வேலைக்குப் போனேன். அங்கே ஒரு பயிற்சியாளர் இருந்தார். என்னைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வேலை பழக்கியவர் அவர்தான். பெயர் வேண்டாம். ஒரு நாள் பெரிய பதவியில் இருந்த ஒருவர் வந்து, மூன்று நாளில் விருந்தாளிகளோடு ஆட வேண்டும், தயார் செய்யுங்கள் என்றார். பயிற்சியாளர் அவரை இரண்டு முறை வீசச் சொல்லிப் பார்த்தார். "உங்களுக்கு உடம்பு நிக்கிது, கைதான் எல்லா வேலையும் செய்யுது. மூணு நாள்ல நான் ஏதாவது பண்ணினா முதுகு போயிடும். நான் மாட்டேன்" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளிடம் போய்விட்டார். அந்த மாதம் முடிவதற்குள் கிளப் அவரை அனுப்பிவிட்டது. அவருடைய டிரங்குப் பெட்டியை பஸ் நிலையம் வரை தூக்கிக்கொண்டு போனவன் நான். அவர் சாதாரணமாகத்தான் இருந்தார், ஜன்னல் ஓரம் இடம் கிடைத்ததில் சந்தோஷம்கூட இருந்தது. பயந்துபோனவன் நான். பெரிய ஆட்களிடம் முடியாது என்று சொன்னால் பெட்டி பஸ்ஸில் ஏறிவிடும் என்று அன்றைக்குக் கற்றுக்கொண்டேன். அவரிடம் கற்றுக்கொள்ள எத்தனையோ இருந்தும் நான் எடுத்துக்கொண்டது அது.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் எங்கள் ஊர்ப் பக்கமே எனக்கு வேலை கிடைத்தது. பாளையங்கோட்டையிலிருந்து சீவலப்பேரி போகும் வழியில், ஆற்றை ஒட்டி ஒரு நூற்பாலை இருந்தது. இப்போது இல்லை. வெள்ளைக்காரன் காலத்தில் அதிகாரிகளுக்காக ஆலைக்குப் பின்னால், பந்தைப் போட ஆறு குழி வைத்து ஒரு மைதானம் போட்டிருந்தார்கள். ஆற்றில் தண்ணீர் ஓடும் மாதங்களில் புல் பச்சையாக இருக்கும், சித்திரையில் செம்மண்தான். முதலாளியின் மகன் வெளிநாட்டில் படித்துவிட்டு வந்து பொறுப்பேற்றதும் அந்த மைதானத்துக்கு உயிர் வந்தது. என்னை 'கோல்ஃப் மாஸ்டர்' என்று நியமித்தார்கள். ஆலைக் குடியிருப்பில் வீடு. என் பிள்ளைகள் இரண்டு பேருக்கும் பாளையங்கோட்டையில் நல்ல பள்ளிக்கூடத்தில் இடம். என் மனைவி அந்த வீட்டு வாசலில் முதன்முதலாகக் கோலம் போட்டபோது, இனி எங்கும் போக வேண்டாம் என்றாள்.

சின்ன முதலாளி வருஷத்தில் ஒரு தடவை, பொங்கல் முடிந்ததும் சென்னையிலிருந்து வருவார். ஆலையைச் சுற்றிப் பார்ப்பது ஒரு மணி நேரம். மைதானத்தில் மூன்று மணி நேரம். யார் யாருக்கு என்ன பதவி என்பது அந்த மூன்று மணி நேரத்தில்தான் முடிவாகும் என்று ஆலையில் எல்லோரும் சொல்வார்கள். அது முழுக்க உண்மையா என்று எனக்குத் தெரியாது. அதிகாரிகள் எல்லோரும் நம்பினார்கள்.

ஒரு வருஷம் ஆலை மேலாளர் ஓய்வு பெறப் போகிறார் என்று தெரிந்தது. அந்த இடத்துக்கு இரண்டு பேர். ஒருவர் கோயம்புத்தூர்ப் பக்கம் இன்ஜினீயரிங் படித்தவர், முப்பத்தைந்து வயது, நன்றாக ஆடுவார். இன்னொருவர் ஞானராஜ். நாற்பத்தெட்டு வயது. பாளையங்கோட்டைக்காரர், அப்பா மிஷன் பள்ளியில் வாத்தியார். ஆலைக்குள் ஃபிட்டர் வேலை பழக வந்தவர், வேலை பார்த்துக்கொண்டே டிப்ளமா எழுதி, உதவி இன்ஜினீயர் வரை வந்திருந்தார். எந்த இயந்திரம் எந்தச் சத்தம் போட்டால் என்ன கோளாறு என்று வெளியே நின்றே சொல்லுவார். தொழிலாளிகள் அவரை 'ஞானராஜ் அண்ணாச்சி' என்பார்கள். மேலாளர் பதவி அவருக்குத்தான் வர வேண்டும் என்று நினைக்காத தொழிலாளி ஒருவன்கூட அங்கே கிடையாது.

கார்த்திகை பிறந்த சமயம். ஜெனரல் மேனேஜர் அவரைக் கூப்பிட்டு, சின்ன முதலாளி வருவதற்குள் கோல்ஃப் கற்றுக்கொள்ளச் சொல்லியிருக்கிறார். எட்டு வாரம் இருந்தது. மறுநாள் காலையில் ஞானராஜ் சார் வேலிப் படலைத் திறந்துகொண்டு வந்து நின்றார். இஸ்திரி போட்ட சட்டை, ஆலை பூட்ஸ்.

"மாஸ்டர், தண்ணி மோட்டார் பழுதுன்னாதான் நான் இந்த வேலிக்குள்ள வருவேன். இப்ப ஆடச் சொல்லுதாங்க. எனக்கு வருமா?"

"வரும் சார். மொதல்ல ரெண்டு வீச்சு வீசுங்க, பாப்போம்."

இருபத்தைந்து வருஷம் ஸ்பேனர் பிடித்த கை. தோளும் முன்கையும் அவ்வளவு பலம். வீசினார். மட்டை காற்றைக் கிழித்த சத்தம் எனக்கே கேட்டது. ஆனால் இடுப்புக்குக் கீழே ஒரு அசைவு இல்லை. கால் இரண்டும் தரையில் புதைத்தது போல நின்றன. உடம்பு திரும்புவதற்கு முன்னாலேயே கை ஓடிவிட்டது. பந்து வலது பக்க உடைமர முட்புதருக்குள் போய் விழுந்தது. புல் வெட்டிக்கொண்டிருந்த இசக்கி என்கிற மைதானக்காரர் நிமிர்ந்து பார்த்தார். என் வயதுதான் அவருக்கு. கோல்ஃப் மட்டையைத் தொட்டதில்லை, ஆனால் வருஷக்கணக்காக ஆடுகிறவர்களைப் பார்க்கிறவர்.

"மாஸ்டர், சார்வாளுக்கு ஒடம்பு அங்கனயே நிக்குது. கை மட்டும்லா போகுது" என்றார் என்னிடம்.

அதுதான் கோளாறு. அதற்கு மருந்தும் எனக்குத் தெரியும். ஒரு துண்டை மார்பின் குறுக்கே போட்டு இரண்டு அக்குளிலும் இடுக்கிக்கொள்ளச் சொன்னேன். துண்டு கீழே விழாமல் வீச வேண்டும். கை தனியாக ஓடினால் துண்டு விழும். உடம்பு திரும்பி, அந்தத் திருப்பத்தில் கை கூட வந்தால் துண்டு இருந்த இடத்தில் இருக்கும். பந்து வேண்டாம், வெறும் வீச்சு, பைய, நாளைக்கு இருநூறு தடவை. அவர் முந்நூறு தடவை செய்தார். வீட்டிலும் செய்தார்.

"முற்றத்துல துண்டை இடுக்கிக்கிட்டு ஆடுதேன் மாஸ்டர். பிள்ளைக சிரிக்கு. வீட்ல, பேய் பிடிச்சிட்டோன்னு கேக்கா" என்று அவரும் சிரித்தார்.

மூன்றாவது வாரம் மழை பிடித்துக்கொண்டது. ஆற்றில் வெள்ளம் வந்து மூன்று குழிகள் தண்ணீருக்குள் போயின. பத்து நாள் மைதானத்தில் கால் வைக்க முடியவில்லை. மழை விட்ட முதல் காலை அவரைப் பந்து வைத்து அடிக்கச் சொன்னேன். நாலைந்து பந்து மோசம். அடுத்த பந்துக்கு அவர் மட்டையைப் பின்னால் கொண்டுபோனார், இடுப்பு தானாகத் திரும்பியது, கை அதன் பின்னால் வந்தது. பந்து போன சத்தமே வேறு. இரண்டாவது குழியின் கொடியைத் தாண்டி விழுந்தது. இசக்கி வேலையை நிறுத்திவிட்டு நின்றார்.

ஞானராஜ் சார் என்னைப் பார்த்தார். "இப்ப நான் என்ன செஞ்சேன்?"

"கையால ஒண்ணும் செய்யல சார். அதான் சரி."

"ஒண்ணுமே செய்யாத மாதிரிதான் இருந்துது" என்றார் ஆச்சரியத்தோடு.

அதற்குப் பிறகு இருபது பந்து அடித்தார், இருபதும் கோணல். அப்படித்தான் இருக்கும். புதுப் பழக்கம் எட்டிப் பார்த்துவிட்டு ஓடிவிடும். ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கூடுதலாகத் தங்கும். ஒரு வருஷம் பொறுத்தால் இவர் நல்ல ஆட்டக்காரர் ஆவார் என்று எனக்கு அந்தக் காலையில் தெரிந்துவிட்டது. இதை நீங்கள் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். எனக்குத் தெரியாமல் நான் எதையும் செய்யவில்லை.

அந்த இருபது பந்தில் கடைசிப் பத்தை ஜெனரல் மேனேஜர் குடை பிடித்துக்கொண்டு வந்து பார்த்தார். சென்னைக்காரர், அதிகம் பேச மாட்டார். மத்தியானம் என்னை அறைக்குக் கூப்பிட்டார்.

"மாஸ்டர், இன்னும் மூணு வாரம் இருக்கு. அவர் அடிக்கிற பந்து ஒண்ணுகூட நேரா போகலையே. சின்ன முதலாளி முன்னாடி அவரை நிறுத்தினா எனக்குத்தான் அசிங்கம். உங்களால முடியலைன்னா சொல்லுங்க, மதுரைல ஒருத்தர் இருக்கார், வரவழைக்கிறேன்."

மதுரைக்காரர் வந்தால் மூன்று வாரத்தோடு திரும்பிப் போவாரா, என் வீட்டுக்குக் குடிவந்துவிடுவாரா என்றுதான் என் புத்தி கணக்குப் போட்டது. "முடியும் சார்" என்றேன்.

மறுநாள் ஞானராஜ் சாரிடம் துண்டைத் தள்ளி வைக்கச் சொன்னேன். முட்டியை இறுக்கி, காலை ஊன்றி, இடுப்பை அசைக்காமல், பாதி தூரம் மட்டும் கையைத் தூக்கி அடிக்கச் சொன்னேன். அவரிடம் இருந்த கோளாறையே முறையாக்கிக் கொடுத்தேன். அப்படி அடித்தால் பந்து அதிக தூரம் போகாது, நேராகப் போகும். பார்க்கிறவர்களுக்கு ஆடத் தெரிந்தவர் போல இருக்கும்.

அவர் இரண்டு தடவை செய்து பார்த்துவிட்டு நிறுத்தினார். "மாஸ்டர், மொதல்ல சொன்னதுக்கு இது நேர் எதிரால்லா இருக்கு?"

"அதைப் பொறவு பாத்துக்கலாம் சார். இப்போதைக்கு இது போதும்."

"ஒடம்பைத் திருப்பாண்டாமா?"

"வேண்டாம்."

மட்டையைக் கையில் திருப்பிப் பார்த்தார். இயந்திரத்தோடு வாழ்ந்தவருக்கு எது எதை ஓட்ட வேண்டும் என்று தெரியாதா? தெரிந்திருக்கும். "சரி, நீங்க சொன்னா சரி" என்றார்.

மூன்று வாரமும் அதையே செய்தார். பந்து நேராகப் போனது. ஜெனரல் மேனேஜர் ஒரு நாள் வந்து பார்த்துத் தலையாட்டிவிட்டுப் போனார். வலது தோளில் ஒரு குத்தல் இருக்கிறது என்று ஞானராஜ் சார் இரண்டு தடவை சொன்னார். தைலம் தேய்க்கச் சொன்னேன்.

பொங்கல் கழிந்து சின்ன முதலாளி வந்தார். மைதானத்தின் ஓரத்தில் பந்தல் போட்டு நாற்காலி போட்டிருந்தார்கள். அதிகாரிகள், அவர்கள் வீட்டுப் பெண்கள், முதலாளியோடு சென்னையிலிருந்து வந்த இரண்டு நண்பர்கள். வேலிக்கு வெளியே, ஷிஃப்ட் முடிந்து வந்த தொழிலாளிகள் முப்பது நாற்பது பேர் ஞானராஜ் அண்ணாச்சி ஆடுவதைப் பார்க்க நின்றிருந்தார்கள்.

முதல் குழி கிட்டத்தில் இருந்தது. ஞானராஜ் சார் பாதி வீச்சில் அடித்தார். நேராகப் போய் விழுந்தது. வேலிக்கு வெளியே கைதட்டினார்கள். இரண்டாவதும் பரவாயில்லை. சின்ன முதலாளி அவர் தோளைத் தட்டி, எட்டு வாரத்திலா இவ்வளவு என்றார்.

மூன்றாவது குழி தூரம். சின்ன முதலாளி தன் பையிலிருந்து பெரிய தலை வைத்த புது மட்டை ஒன்றை உருவி அவரிடம் நீட்டினார். அந்த மாதிரி மட்டையை நானே அன்றைக்குத்தான் பார்த்தேன். "இதால ஒரு முழு வீச்சு வீசுங்க. உங்க கையில இருக்கிற பலத்துக்கு ஆத்துக்கு அந்தப் பக்கம் போகும்" என்றார். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. சந்தோஷத்தில் சொன்னார்.

ஞானராஜ் சார் மட்டையை வாங்கிக்கொண்டு என்னைத் திரும்பிப் பார்த்தார். முழு வீச்சை நான் அவருக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. உடம்பைக் கட்டிவைத்துவிட்டு முழு பலத்தோடு கையை மட்டும் வீசினால் அது எங்கே போய் முடியும் என்று அந்த இடத்தில் எனக்கு ஒருவனுக்குத்தான் தெரியும். "சாருக்குத் தோள்ல வலி இருக்கு, இன்னைக்குச் சின்ன மட்டையே போதும்" என்று நான் சொல்லியிருந்தால் போதும். ஒரு வரி. முதலாளி கோபித்துக்கொள்ளக்கூட மாட்டார்.

"அடிங்க சார்" என்றேன்.

அவர் காலை ஊன்றினார். முட்டியை இறுக்கினார். நான் சொன்னதை ஒன்றுகூட விடாமல் செய்தார். மட்டை முழுதாக மேலே போனது, முழு வேகத்தில் கீழே வந்தது, பந்தை எட்டுவதற்கு ஒரு சாண் முன்பே மண்ணில் இறங்கியது. மட்டை நின்றுவிட்டது, கையின் வேகம் நிற்கவில்லை. துணி கிழிவது போல ஒரு சத்தம் எனக்குக் கேட்டது. அவர் ஒரு முட்டியில் உட்கார்ந்துவிட்டார். பந்து வைத்த இடத்திலேயே இருந்தது.

முதலில் சிரித்தவர் முதலாளியின் நண்பர். பிறகு பந்தல் முழுக்கச் சிரித்தது. வேலிக்கு வெளியே யாரும் சிரிக்கவில்லை.

"பரவாயில்ல, இன்னொரு தடவை" என்றார் சின்ன முதலாளி.

ஞானராஜ் சார் எழுந்தார். மட்டையைப் பிடித்துத் தூக்கப் பார்த்தார். வலது கை மார்புக்கு மேலே எழும்பவில்லை. முகமெல்லாம் வேர்த்துவிட்டது. "மன்னிக்கணும்" என்று சொல்லி, இடது கையால் மட்டையின் மண்ணைத் துடைத்து, முதலாளியின் பையிலேயே வைத்துவிட்டு நடந்து போனார்.

அன்று சாயங்காலம் ஜெனரல் மேனேஜர் கூப்பிட்டு அனுப்பினார். நான் அலுவலகப் படி ஏறும்போது ஞானராஜ் சார் இறங்கி வந்தார். கையைத் துண்டால் கழுத்தில் கட்டித் தொங்கவிட்டிருந்தார்.

"உள்ள போங்க மாஸ்டர். ஒண்ணும் பயப்படாண்டாம்" என்றார்.

அவர் எதற்கு அப்படிச் சொல்கிறார் என்று யோசிக்கும் நிலையில் நான் இல்லை. உள்ளே போனேன். ஜெனரல் மேனேஜர் நிமிர்ந்து பார்க்காமல் கேட்டார்.

"நீங்க சொல்லிக்கொடுத்துத்தான் அப்படி அடிச்சாரா?"

"இல்ல சார்." எனக்கே ஆச்சரியமாக இருந்தது, அவ்வளவு சுலபமாக வந்தது. "ஒடம்பைத் திருப்பணும்னு மொத நாள்ல இருந்து சொல்லுதேன். துண்டு வச்சுப் பழக்குனேன். அவரு கேக்கல. வயசாயிட்டுல்லா சார், பழக்கத்தை விடமாட்டேங்காரு."

"அவரும் அதைத்தான் சொன்னார்."

ஜெனரல் மேனேஜர் ஒரு கோப்பை இழுத்து முன்னால் வைத்தார்.

"'மாஸ்டர் சரியாத்தான் சொல்லிக்கொடுத்தாரு சார், எனக்குத்தான் ஏறல, அவர் மேல ஒரு தப்பும் இல்ல'ன்னு சொல்லிட்டுப் போறார். உங்க வேலைக்கு எதுவும் வந்துடக் கூடாதுன்னு சொல்றாரோன்னு நினைச்சேன். நீங்களும் அதையே சொல்றீங்க. நல்லது. எனக்கு எழுதறது சுலபம்."

பேனாவை எடுத்து அந்தக் கோப்பில் எழுதினார். எழுதிக்கொண்டே முணுமுணுத்தார். புதியதைக் கற்றுக்கொள்ளும் தகுதி இவருக்கு இல்லை, சொல்வதைக் கேட்பதில்லை. ஆங்கிலத்தில் இரண்டே வரி. எனக்குப் புரிகிற ஆங்கிலம்தான்.

பேனா தாளில் இருக்கும்போதே நான் வாயைத் திறந்திருக்கலாம். இல்லை சார், நான் சொன்னது பொய், அவர் என்னைக் காப்பாற்றுவதற்காக அப்படிச் சொல்கிறார் என்று சொல்லியிருக்கலாம். பேனா கீழே வைக்கப்பட்ட பிறகும் சொல்லியிருக்கலாம். மைதானத்தில் வாயை மூடிக்கொண்டதற்கு அவசரம், பயம் என்று காரணம் சொல்வேன். அறைக்குள் எனக்கு அவகாசம் இருந்தது. மின்விசிறி சுற்றுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நின்றேன்.

"வரட்டுமா சார்?" என்று கேட்டுவிட்டு வந்தேன்.

கோயம்புத்தூர்க்காரர் மேலாளர் ஆனார். ஞானராஜ் சார் தோள் தசை கிழிந்து மூன்று மாதம் விடுப்பில் இருந்தார். திரும்பி வந்தபோது அவரைக் கழிவுப் பஞ்சுக் கிடங்குக்கு மாற்றியிருந்தார்கள். இயந்திரமே இல்லாத இடம். வழியில் என்னைப் பார்க்கும்போதெல்லாம் "வணக்கம் மாஸ்டர்" என்பார், முன்னால் எப்படிச் சொல்வாரோ அப்படியே. நான் கிடங்கு வழியை விட்டுவிட்டு, சுற்றிக்கொண்டு மைதானத்துக்குப் போக ஆரம்பித்தேன்.

ஆலையில் கதை பரவியிருந்தது. மாஸ்டர் நல்லபடி சொல்லிக்கொடுத்தும் அண்ணாச்சிக்கு ஏறவில்லையாம். ஒரு நாள் இசக்கியிடம் குழி ஓரத்தில் புல்லைச் சரியாக வெட்டவில்லை என்று சத்தம் போட்டேன். அவர் அரிவாளைக் கீழே வைத்தார்.

"காலைக் கட்டி அடிக்கச் சொன்னது நீங்க. நான் இங்கனதான நின்னேன்."

"ஏன் வே, அப்ப நீரு போய்ச் சொல்லியிருக்கலாம்லா?" என்று நான் கேட்டேன். அப்படிக் கேட்க எனக்கு எப்படி மனசு வந்ததோ.

"என்னைய யாரு கேட்டா? கேட்டா சொல்லியிருப்பேன். ஒம்மள கேட்டாங்கல்லா?"

அதுவரை மரியாதையாக 'நீங்க' என்றவர், அன்றிலிருந்து 'நீரு' என்றார். வேலை விஷயம் தவிர வேறு பேச்சு கிடையாது.

உங்களுக்குச் சொல்ல வேண்டியதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். நீங்கள் சொல்லிக்கொடுக்கும் ஆள் உங்களை நம்பித் தன் உடம்பைக் கொடுக்கிறார். உங்களைவிட வயதில் பெரியவர், பதவியில் பெரியவர், புத்தியில் பெரியவர்கூட, மட்டையைப் பிடித்ததும் நீங்கள் நில் என்றால் நிற்பார். நேரம் போதாது என்றால் போதாது என்று சொல்லுங்கள். வேலை போகலாம். எனக்குப் போகவில்லை, அதனால் நான் என்ன வாங்கிக்கொண்டேன் என்று பாருங்கள். அதைவிட முக்கியம், தப்பு நடந்த பிறகு உங்களைக் கேட்பார்கள். அப்போது பழியை ஆடியவர் தலையில் போடுவது ரொம்பச் சுலபம். எல்லோரும் நம்புவார்கள், சில சமயம் அவரே நம்புவார்.

சில வருஷத்தில், தொண்ணூறுகள் முடிவதற்குள், ஆலையை மூடிவிட்டார்கள். மைதானத்தை மனைகளாகப் பிரித்துக் கல் நட்டார்கள். எனக்கு மறுபடி மலை மேலே ஒரு கிளப்பில் வேலை கிடைத்தது. வீட்டைக் காலி செய்துவிட்டு, கிளம்புவதற்கு முந்தின நாள் பாளையங்கோட்டையில் ஞானராஜ் சார் வீட்டைத் தேடிப் போனேன். முன்னறையில் ஒரு தையல் இயந்திரத்தைப் பிரித்துப் போட்டு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். வலது கையை மேசைக்கு மேலே தூக்காமலே வேலை செய்தார். அந்தத் தோளுக்கு அவர் அப்படிப் பழகியிருந்தார்.

"வாங்க மாஸ்டர், இருங்க" என்று நாற்காலியிலிருந்த துணியை எடுத்தார். உள்ளே பார்த்து, "மாஸ்டர் வந்திருக்காரு, காப்பி போடு" என்றார்.

நான் சுற்றி வளைக்கவில்லை. அன்று சாயங்காலம் அறைக்குள் நான் என்ன சொன்னேன் என்பதை அப்படியே சொன்னேன்.

"தெரியும்" என்றார். "மறுநாளே ஜி.எம். சொன்னாரு, 'மாஸ்டரும் நீங்க சொன்னதையேதான் சொன்னார்'னு. நான் ஒண்ணும் நெனைக்கல. உங்களுக்கும் பிள்ளைகுட்டி இருக்குல்லா."

எனக்கு அழுகை வந்தது. அதை அவர் கவனிக்காத மாதிரி ஒரு திருகாணியைத் துடைத்துக்கொண்டிருந்தார். பிறகு அதைக் கீழே வைத்தார்.

"ஒண்ணே ஒண்ணு கேக்கணும் மாஸ்டர். மழுப்பாம சொல்லணும். அன்னைக்கு அவசரம் இல்லாம, ஒரு வருசம் இருந்திருந்தா, எனக்கு அது வந்திருக்குமா?"

இத்தனை வருஷம் சொல்லாத உண்மையை இப்போதாவது சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். என் மனப்பாரத்தை இறக்கிவைக்கிற அவசரம் எனக்கு.

"வந்திருக்கும் சார். நல்லாவே வந்திருக்கும். நான் அப்பவே பாத்துட்டேன்."

அவர் திருகாணியை மறுபடி எடுத்துத் துடைத்தார். உள்ளே பால் பொங்குகிற சத்தம் கேட்டது.

"எனக்கு வராதுன்னு நெனச்சுத்தான் இம்புட்டு நாளும் இருந்தேன்" என்றார் கடைசியில். "வயசாயிட்டு, பெரிய படிப்பு இல்ல, நமக்கு இதெல்லாம் எட்டாதுன்னு. கிடங்குல உக்காந்திருக்கையில அது எனக்கு ஒரு சமாதானமா இருந்துது. இப்ப அதுவும் இல்லாமப் பண்ணிட்டீங்க."

அவர் மனைவி இரண்டு டம்ளரில் காப்பியோடு வந்தார்.

"மாஸ்டருக்குக் குடிக்க நேரமில்ல, பஸ்ஸுக்குப் போணுமாம்" என்றார் ஞானராஜ் சார்.

பஸ்ஸைப் பற்றி நான் எதுவும் சொல்லியிருக்கவில்லை. எழுந்து, அந்த அம்மாவைக் கும்பிட்டுவிட்டு, வெளியே வந்துவிட்டேன்.